புரட்டாதி மழையை நம்பிப் புழுதியில் விதைக்கலாமா? நெடுங்கேணிப் பக்கம், மானாவாரி

நெடுங்கேணி வயல் (ஓகஸ்ட் 26)

வணக்கம். நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் எங்களுக்கு நாலு ஏக்கர் வயல். குளத்துப் பாய்ச்சல் கிடையாது, வானம் தந்தால்தான் விளைச்சல். அப்பா செய்த காணி, அவர் போன பிறகு நான் செய்யும் மூன்றாவது காலபோகம் (மாரிமழைப் பயிர்) இது.

போன வருசம் செப்டெம்பர் நடுப்பகுதியில் இரண்டு பின்னேரம் அடுத்தடுத்து நல்ல இடி மழை. பக்கத்துக் காணிக்காரர் விதைக்கிறார் என்று பார்த்து நானும் ஆட்டக்காரி நெல் விதைத்தேன். ஒரு கிழமைக்குள் ஊசி ஊசியாகப் பச்சை வந்தது, படம் எடுத்துக் கனடாவில் இருக்கும் மாமாவுக்குக்கூட அனுப்பினேன். அதன் பிறகு பதினெட்டு நாள் ஒரு சொட்டு இல்லை. சோளகக் காற்று மட்டும் அடித்தது. ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் நுனி தும்பு மாதிரி, விரலுக்கிடையில் தேய்த்தால் பொடியாகிறது. 11 புசல் விதைநெல் போயிற்று. கடன்பட்டு ஒக்டோபர் கடைசியில் மறுபடி விதைத்தேன், பயிர் நாலு விரல் உயரம் வருவதற்குள் கார்த்திகை வெள்ளம் வந்து பள்ளப் பக்கம் ஒன்றரை ஏக்கரை மூடி அழுகவைத்துவிட்டது. முந்தியும் கெட்டேன், பிந்தியும் கெட்டேன்.

இந்த வருசமும் அதே மாதிரித்தான் தொடங்குகிறது. இந்தக் கிழமை மூன்று பின்னேரம் மழை. போன் செயலியைத் திறந்தால் அடுத்த பத்து நாளுக்கும் இடிமின்னல் படம். வானிலை அறிக்கையிலும் தினமும் "வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ" என்று வருகிறது. ஊரில் உழவு மெசின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது, கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. எந்த மழை உண்மையான தொடக்கம் என்று எப்படி அறிவது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

மாங்குளத்தான் (ஓகஸ்ட் 26)

தம்பி, முதலில் ஒன்று. இப்போது பெய்வது விதைக்கிற மழை இல்லை, உழுகிற மழை. அந்த இரண்டையும் மாற்றிப் பிடித்தால் போன வருசம் உமக்கு நடந்ததுதான் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு தரம் இல்லை.

பழைய ஆட்கள் "புரட்டாதியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று சொல்வார்கள். முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் நினைத்துக்கொண்டு விதைக்கிறோம். இப்போது ஆவணி, புரட்டாதி பிறக்கவே இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது.

இந்த மழை வீண் இல்லை. காணி இறுகிக் கிடக்கும்போது கொழு இறங்காது, டீசல்தான் எரியும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் முதல் உழவு போடும். அப்படியே விடும். அடுத்த மழைக்குக் கோரையும் களைநெல்லும் முளைத்து வரும், அவற்றைக் காய விட்டு அல்லது மறுத்து உழுது அழித்துவிடும். விதைக்கும்போது பாதிக் களை செத்திருக்கும். மருந்துச் செலவு எவ்வளவு மிஞ்சும் என்று நீரே கணக்குப் பாரும்.

அதோடு, வரம்பைக் கட்டும் இப்போதே. பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள்.

---

வவுனியா மழைக்குறிப்பு (ஓகஸ்ட் 27)

மாங்குளத்து ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஏன் அப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், காரணம் தெரிந்தால் ஊரில் மெசின் சத்தம் கேட்டாலும் மனம் பதறாது. நான் விவசாயி இல்லை, பத்து வருசத்துக்கு மேலாக வீட்டு முற்றத்தில் மழை அளந்து எழுதி வைக்கிறவன்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, எங்கள் பேச்சில் சோளகம். அது கொண்டுவரும் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவு மேலே தூக்கி மழையாக்கிவிடுகிறது. வன்னியில் அதைத் தூக்க மலை இல்லை, அதனால் காற்றாக மட்டும் எங்களைக் கடந்து போகிறது. ஆனால் ஓகஸ்ட் கடைசியில் ஒரு விசயம் நடக்கிறது. சூரியன் தெற்கே திரும்பிப் போகிற வழியில் 28ஆம் திகதி அளவில் இலங்கையின் வட முனைக்கு நேர் மேலே வந்து, செப்டெம்பர் 7 அளவில் தென் முனையைத் தாண்டும். வன்னிக்கு நேர் உச்சி இந்த 29, 30 அளவில். நண்பகலில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழல் காலடியிலேயே கிடக்கும். தரை அவ்வளவு சூடாகிறது. அதே நேரம் முல்லைத்தீவுக் கரையில் இருந்து கடற்காற்று உள்ளே வருகிறது, மேற்கில் இருந்து சோளகம் வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. இரண்டு மணிக்குப் பிறகு பூக்கோவா மாதிரி முகில் எழும்புவது அதனால்தான்.

எங்கே முட்டும் என்பதைச் சோளகத்தின் பலம் தீர்மானிக்கிறது. மணிக்கு 40, 50 கிலோமீற்றர் என்று அடித்தால் கடற்காற்றால் உள்ளே வர முடியாது, மழை கரையோரத்திலேயே கொட்டும் அல்லது கடலில் போய் விழும். சோளகம் தளர்ந்த நாளில் நெடுங்கேணி, கனகராயன்குளம், வவுனியா வரை வரும். மன்னார்ப் பக்கம் பெரும்பாலும் வெறும் வெயில்தான். உங்களுக்கு மழையும் ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருப்பவருக்குப் புழுதியும் கிடைப்பது இதனால். அறிக்கையில் "சில இடங்களில்" என்று சொல்வது நழுவல் பேச்சு இல்லை, அந்த மழையின் குணமே அதுதான்.

செயலியை நம்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அது என்ன காட்டுகிறது என்று தெரிந்து பாருங்கள். கணினி மாதிரிகள் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன, உலகளாவிய மாதிரிகளில் ஒரு சதுரம் 9 கிலோமீற்றரோ அதற்கு மேலோ. ஒரு பின்னேர இடிமுகில் அதைவிடச் சின்னதாகவும் இருக்கும். அதனால் "இந்தப் பகுதியில் இடிமுகில் எழும்பக்கூடிய காற்று இருக்கிறது" என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. உங்கள் வரம்புக்குள் விழும் என்று அல்ல.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 20 மில்லிமீற்றர் பெய்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 80,000 லீற்றர், கேட்க நிறைய. ஆனால் இந்த வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீற்றர் வரை குடித்துவிடும். நாலைந்து நாளில் மேல் மண் இரண்டு மூன்று அங்குலம் பழையபடி காய்ந்துவிடும், விதை கிடப்பதும் வேர் இறங்கத் தொடங்குவதும் அந்த மூன்று அங்குலத்தில்தான். நெல்லை முளைக்க வைக்க 20 போதும். முளைத்ததை உயிரோடு வைத்திருக்கப் போதாது.

---

கரைவலை (ஓகஸ்ட் 27)

முல்லைத்தீவில் இருந்து. கடல் பக்கத்து அடையாளம் ஒன்று சொல்கிறேன், வயல்காரருக்கும் உதவும். எங்களுக்குச் சோளகம் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அது நிற்கிற காலத்தில் சில நாள் காற்றே இருக்காது, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பிறகு கொண்டல், கிழக்குக் காற்று, தொட்டுத் தொட்டு வரும், கடைசியில்தான் வாடை. கொண்டல் தொடர்ந்து பிடிக்காமல் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று நாங்கள் யாரும் வலையைக் கட்டி வைப்பதில்லை. இன்றைக்கு நந்திக்கடல் களப்பின் கரைப் பக்கம் வற்றி வெடித்துக் கிடக்கிறது, காற்று இன்னும் சோளகம்தான்.

இன்னொன்று, இந்தக் காலத்து மழை பெரிய மழை இல்லையென்றாலும் மின்னல் பொல்லாதது. வெளிச்சம் தெரிந்ததில் இருந்து சத்தம் வரும்வரை எண்ணுங்கள், முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் வயலை விட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். வெட்டையில் தனியாக நிற்கிற மரத்துக்குக் கீழே ஒதுங்கவே வேண்டாம். ஓடுகிற உழவு மெசினில் இருப்பதும் பாதுகாப்பில்லை, அதற்கு மூடிய கூடு இல்லை. கடலில் எங்களுக்கு ஓட இடமில்லை, உங்களுக்கு இருக்கிறது.

---

கட்டுக்கரை அக்கா (ஓகஸ்ட் 28)

மன்னார்ப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மழையே இல்லை, ஆனால் அந்த மூன்று பின்னேர மழையில் ஒன்று எங்கள் நெல்லைக் கெடுத்துவிட்டது. கிளிநொச்சியில் தங்கச்சியின் சிறுபோக அறுவடைக்கு உதவப் போயிருந்தேன். வெட்டி முடித்து நெல்லை றோட்டு ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்தோம். ஒரு மணிக்கு வானம் நீலம். இரண்டே காலுக்கு மாங்குளம் பக்கம் கறுத்தது, அது வர நேரம் எடுக்கும் என்று சாப்பிட உட்கார்ந்தோம், காற்று முதலில் வந்து படங்கின் ஒரு பக்கத்தைத் தூக்கியது, அடுத்த நிமிடம் மழை. நாலு பேர் கையால் அள்ளினோம், கூடையால் அள்ளினோம், ஒரு பக்கம் குவிக்க மறுபக்கம் ஓடியது. பாதி நனைந்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் நல்ல விலை, திரும்பக் காய வைக்க மூன்று நாள், அதற்குள் நிறம் மாறிவிட்டது. வாங்க வந்தவர் கையில் எடுத்து மணந்து பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார்.

அதனால் அறுவடையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு மணிக்குப் பிறகு நெல்லை விரித்து வைத்திருக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு விரியுங்கள், ஒரு மணிக்குக் குவித்து மூடுங்கள். காற்று நின்று புழுக்கம் கூடினால் இன்னும் முந்தி.

விதைப்பைப் பற்றி என்றால், நாங்கள் குளத்துக் கீழ்ப் பயிர், எங்கள் கதை வேறு. கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் அருவியாற்றில் தேக்கம் என்ற அணைக்கட்டில் மறித்து வாய்க்காலால் வருகிறது. அந்த ஆறு அநுராதபுரம் பக்கம் இருந்து வருவதால் எங்கள் தலைக்கு மேலே பெய்வதைவிட அங்கே என்ன பெய்கிறது என்றுதான் பார்ப்போம். பிறகு கூட்டம் வைத்துத் திகதி தீர்மானிப்பார்கள். உங்களுக்குக் கூட்டம் இல்லை, நீங்களே தீர்மானிக்க வேண்டும், அது பெரிய பாரம் தம்பி. விளங்குகிறது.

---

நெடுங்கேணி வயல் (ஓகஸ்ட் 28)

எல்லோருக்கும் நன்றி. முதல் உழவை இந்தக் கிழமை போடுகிறேன். அக்கா, நெல்லைப் பற்றிக் கேட்கவே கவலையாக இருக்கிறது.

ஆனால் என் பயம் இன்னும் போகவில்லை. பொறுத்துப் பொறுத்து ஒக்டோபர் கடைசி ஆனால் மறுபடி கார்த்திகை வெள்ளத்தில் பயிர் சின்னதாக நிற்கும். முந்தினால் காய்ச்சல், பிந்தினால் வெள்ளம். இதற்கு நடுவே ஒரு திகதி இருக்கிறதா? இன்னொன்று, இந்த வருசம் எல் நினோ என்று சிலர், இல்லை என்று சிலர், அதை வைத்து ஏதாவது முடிவெடுக்கலாமா?

---

மாங்குளத்தான் (ஓகஸ்ட் 29)

திகதி ஒன்று இல்லை தம்பி. ஆனால் உமது காணியும் ஒரே காணி இல்லையே. பள்ளம் ஒன்றரை ஏக்கர், மேடு இரண்டரை. இரண்டையும் ஒரே நாளில் விதைக்க வேண்டும் என்று யார் சொன்னது? மெசின் கூலிக்காகச் சேர்த்துச் செய்கிறோம், அதில்தான் பிழை.

பள்ளத்தில் ஈரம் தங்கும், வெள்ளமும் அங்கேதான் வரும். அதனால் பள்ளத்தை முந்தி விதையும். இடையில் பத்து நாள் காய்ந்தாலும் பயிர் வாடி நிற்கும், சாகாது. வெள்ளம் வரும்போது ஒரு சாணுக்கு மேலே வளர்ந்திருக்கும், இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலும் தலை வெளியே இருந்தால் தப்பும். மேட்டில் எல்லாம் நேர்மாறு, ஈரம் நிற்காது, வெள்ளமும் நிற்காது. மேடு பிந்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆட்டக்காரி வயது கூடிய நெல், அதைப் பள்ளத்துக்கு வைத்துக்கொண்டு மேட்டுக்கு மூன்றரை மாத நெல் ஏதாவது, ஏ.ரீ. 362 அல்லது பீ.ஜீ. 352, எடுத்தீர் என்றால் அறுவடையும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

போன வருசம் நீர் செய்தது தலைகீழ். முதல் மழைக்கு முழுக் காணியும் விதைத்து மேடும் பள்ளமும் காய்ந்தது, கடைசியில் விதைத்து பள்ளம் அழுகியது. மேட்டில் பிந்தி விதைத்தது தப்பித்தானே?

விதைக்கிற ஈரத்தை மண்வெட்டியால் பாரும். மழை விட்ட மறுநாள் காலை மூன்று இடத்தில் வெட்டும். ஈரம் அலகின் பாதியோடு நின்று கீழே வெள்ளை மண் தெரிந்தால் விதையாதேயும். அலகு முழுக்க இறங்கி, அடியில் எடுத்த மண் கையில் பிடிக்கப் பிடி நிற்குமென்றால் அது விதைப்பு ஈரம்.

அதோடு ஏக்கருக்கு இரண்டு புசல் போதும் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வார்கள். புழுதி விதைப்புக்கு நான் இரண்டரை போடுவேன், குருவியும் எறும்பும் தின்னும். 11 புசலை ஒரே தரம் கொட்டாமல் இரண்டு புசலாவது கையில் வைத்திரும்.

---

வவுனியா மழைக்குறிப்பு (ஓகஸ்ட் 29)

ஐயா சொன்ன மேடு பள்ளக் கதையை நான் இவ்வளவு காலம் மழை அளந்தும் யோசிக்கவில்லை. அது சரியான பதில்.

எல் நினோ பற்றி. பசுபிக் சமுத்திரத்தின் நடுப்பக்கம் வழமையைவிடச் சூடாவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வறட்சி என்று பயப்படுகிறார்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழையைப் பொறுத்தவரை இலங்கையில் அது பெரும்பாலும் மழையைக் கூட்டுகிற பக்கம்தான் சாய்கிறது. அதோடு இந்து சமுத்திரத்தையும் பார்க்க வேண்டும். ஆபிரிக்கப் பக்கம் கடல் வழமையைவிடச் சூடாகவும் சுமாத்திராப் பக்கம் குளிராகவும் இருந்தால் எங்களுக்கு மழை கூடும் வாய்ப்பு. அது மறுபக்கம் திரும்பினால் குறையும் வாய்ப்பு. 2016 இல் பலமாக மறுபக்கம் திரும்பி இருந்தது, அந்தக் காலபோக மழை பொய்த்து 2017 முழுக்க நாங்கள் பட்ட வறட்சியை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் இவை எல்லாம் மூன்று மாதத்து மொத்தத்தைப் பற்றிய சாய்வு. எந்தக் கிழமை விதைப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

கிழமைக் கணக்குக்கு உதவுவது வேறொன்று. மேடன்–ஜூலியன் அலைவு என்று ஒரு பெரிய முகில் கூட்டம் 30 முதல் 60 நாளுக்கு ஒரு தரம் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கே நகர்ந்து போகும். அது இந்து சமுத்திரத்துக்கு மேலே இருக்கும்போது எங்களுக்குப் பின்னேர மழை தொடர்ச்சியாக வரும், கடந்து பசுபிக் பக்கம் போனதும் பத்து, இருபது நாள் காய்ச்சல் வருவதுண்டு. போன வருசம் உங்கள் பதினெட்டு நாளும் இப்படி வந்திருக்கலாம். அதனால் நல்ல மழைக் கிழமை ஒன்று முடிகிற நேரம் விதைப்பதுதான் மிக ஆபத்து, எல்லோரும் ஈரத்தைப் பார்த்து விதைப்பதும் அப்போதுதான்.

கடைசியாக, மழை பெய்கிற நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் மேற்கே கறுத்து இடித்துப் பெய்து நிற்கிறது என்றால் அது சூட்டு மழை, எத்தனை நாள் பெய்தாலும் நம்ப வேண்டாம். நடுச்சாமத்திலும் விடியப்புறத்திலும், பெரிய இடி இல்லாமல், கிழக்கில் இருந்து வரத் தொடங்கினால் காற்று திரும்பிவிட்டது. கரைவலை சொன்ன கொண்டலும் இதுவும் ஒன்றுதான். ஒக்டோபர் நடுவுக்குள் பெரும்பாலும் இந்த மாற்றம் தெரியத் தொடங்கும்.

ஒரு மழைமானி செய்யுங்கள், காசு வேண்டாம். பக்கம் நேராக உள்ள பிளாஸ்ரிக் போத்தலின் மேல் பகுதியை வெட்டிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். அடி வளைவாக இருக்கும், அதனால் வளைவு மூடும்வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைச் சுழி என்று கோடு போடுங்கள், அதற்கு மேலே அளவுகோலால் மில்லிமீற்றர் குறியுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வெட்டையில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிட்டுச் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

---

நெடுங்கேணி வயல் (ஒக்டோபர் 13)

திரும்ப வந்து எழுதுவதாக நினைத்திருந்தேன், உழவோடு நாள் போய்விட்டது.

செப்டெம்பர் முதல் கிழமை உழுதேன். நடுவில் இரண்டு மழை, போத்தலில் 17, 22. களை பச்சைப் பசேல் என்று வந்தது, மறுத்து உழுதேன். பக்கத்தில் மூன்று பேர் விதைத்தார்கள், அம்மாகூட "நீ மட்டும் ஏன் சும்மா இருக்கிறாய்" என்று கேட்டா. பிறகு பதினான்கு நாள் வெயில். அவர்களில் ஒருவருடைய காணி போன வருசத்து என்னுடையது மாதிரியே போய்விட்டது, பார்க்க முடியவில்லை, என்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு புசலை அவருக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளத்தை ஒக்டோபர் 3 ஆம் திகதி புழுதியில் விதைத்தேன். 6 ஆம் திகதி பின்னேரம் 31 மில்லிமீற்றர். இப்போது முளை ஒரு விரலுக்கட்டை இருக்கிறது, காலையில் போனால் நுனியில் பனி நிற்கிறது.

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு ஓட்டில் சத்தம் கேட்டு எழும்பினேன். இடி இல்லை. முற்றத்துக் கிழக்குப் பக்கச் சுவர் மட்டும் நனைந்திருந்தது. விடியும்வரை பெய்தது. காலை போத்தலில் 48. மேட்டில் மூன்று இடத்தில் மண்வெட்டியை இறக்கினேன், மூன்றிலும் அலகு முழுக்கக் கறுத்த மண், கீழே இருந்து எடுத்ததைப் பிடித்தேன், விரல் அடையாளத்தோடு நின்றது.

மெசின்காரர் நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறார். ஏ.ரீ. 362, ஆறு புசல், திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

---

மாங்குளத்தான் (ஒக்டோபர் 13)

விதைச்சுப்போட்டு வரம்பின் வடிகால் வாயைத் திறந்து விடும் தம்பி. அடுத்த மழை இதைவிடப் பெரிதாக வரும்.